நாரி நோவும் ‘தேய்வு’ என்னும் சொல்லும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்தைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாம் எழுதப் புகுந்ததோ நாரி நோவைப் பற்றி. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரமன்றி மருத்துவத்திற் பட்டம் எதுவும் எம்மிடம் இல்லை. ஆயினும் சொற்களோடு பழகுவது எமது தொழில். ஒரு சொல் ஒரு மனிதனை ஆறு வாரம் படுக்கையிற் கிடத்தியதை நாம் கண்டிருக்கின்றோம். அம்மனிதன் நாமே ஆதலின், இதனை எழுதும் உரிமை எமக்கு உண்டு என்று கருதுகின்றோம்.

நாரி என்று யாழ்ப்பாணத்தார் சொல்வது முதுகின் அடிப்பகுதியை. அப்பகுதியில் நோவு காணாத மனிதர் அரியர். 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இந்நோவால் வருந்தினர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எமது ஆசிரியர் அறையில் நாற்பது வயதைக் கடந்தோர் கதிரையை விட்டு எழும்போது கேட்கும் முனகலைக் கேட்டவர்க்கு இத்தொகை வியப்பளியாது. தோட்டத்திற் குனிந்து வெங்காயம் நட்டவர்க்கும், கந்தோரில் இருந்து கணக்கெழுதியவர்க்கும், கரும்பலகை முன் நின்று களைத்தவர்க்கும் இந்நோவு பொதுவானது.

2018 ஆம் ஆண்டு இரண்டாந் தவணையில் எமக்கு இது நேர்ந்தது. அவ்வாண்டு ஆவணியில் உயர்தரப் பரீட்சை. ஒருநாள் வாங்கின்மேற் கிடந்த விடைத்தாட் கட்டைக் குனிந்து எடுத்தோம், நிமிர முடியவில்லை. மாணாக்கர் இருவர் தாங்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினர். வீட்டார் பதறினர். உறவினர் ஒருவர் சொற்படி, சம்பளத்தில் ஒரு பெரும்பங்கைக் கொடுத்து எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பித்தோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கையில் ‘டிஜெனரேற்றிவ்’ என்னுஞ் சொல் நான்கு இடங்களில் வந்தது. அதன் பொருளைக் கேட்டோம். “எல்லாம் தேய்ஞ்சு போச்சு மாஸ்டர். இனிக் கவனமாய் இருக்கவேணும். பாரம் தூக்காதேங்கோ, குனியாதேங்கோ” என்று விடை வந்தது.

நாம் கவனமாயிருந்தோம். பலகைக் கட்டிலில் ஆறு வாரம் படுத்திருந்தோம். எழும்போதெல்லாம் நாரியில் அகன்ற பட்டி ஒன்றை இறுகக் கட்டினோம். குனியவில்லை, திரும்பவில்லை, தும்மவும் அஞ்சினோம். நாளுக்கு நாள் நோவு குறையும் என எதிர்பார்த்தோம், குறையவில்லை. தொடைகள் மெலிந்தன, வயிறு பெருத்தது, படலை வரை நடக்கவும் துணை வேண்டியதாயிற்று. ஒருநாள் பின்னேரம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கொப்பியோடு படலையடியில் வந்து நின்றான். “சேர் படுத்திருக்கிறார் தம்பி, இன்னும் எழும்பேல்லை” என்று வீட்டிற் சொல்ல, அவன் திரும்பிப் போனான். அவ்வாண்டு எமது வகுப்பிற் சிலர் எதிர்பார்த்த சித்தியைப் பெறவில்லை. அதற்கு எமது நாரியே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆயினும் அப்பையன் திரும்பிப் போனதை நாம் இன்றும் மறக்கவில்லை.

ஆறு வாரத்தின் பின் அரசாங்க வைத்தியசாலையிற் கிளினிக் ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்த வைத்தியர் வயதில் எம்மினும் இளையவர். படத்தை அவர்முன் நீட்டினோம். “அது பிறகு மாஸ்டர். முதல் உங்களைப் பாப்பம்” என்று அதனை ஒருபுறம் வைத்துவிட்டார். நடக்கச் சொன்னார், குதியால் நடக்கச் சொன்னார், விரல் நுனியால் நடக்கச் சொன்னார். முன்னே குனியவும் பின்னே வளையவும் செய்தார். படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்தினார். பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லித் தம் கையால் அதனை எதிர்த்து அழுத்தினார். முழங்காலிலும் குதிக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டினார். சிறுநீர் சரியாகப் போகின்றதா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, இரவில் நோவு எழுப்புகின்றதா என ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவும் முடிந்தபின்னரே படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். “இந்த வயதில இப்பிடித்தான் இருக்கும். நாளைக்குத் தொடங்கி நடவுங்கோ” என்றார்.

அன்று அவர் சொன்னது எமக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆறு வாரம் கிடந்து வருந்தியவனை நோக்கி ‘இப்படித்தான் இருக்கும்’ என்பதா என்று மனங் கசந்தோம். பின்னர் நாளடைவிற் படித்தும் கேட்டும் அறிந்தவற்றால், அவ்வைத்தியர் எமக்குச் செய்த உதவி எத்தகையது என்பது புலனாயிற்று. அறிந்ததை இங்கு முறையே எடுத்துரைப்போம்.

நாரியில் ஐந்து முள்ளந்தண்டென்புகள் உள்ளன. ஓர் என்புக்கும் அடுத்த என்புக்கும் இடையே முன்புறத்தில் மெத்தைபோல் ஓர் இடைத்தட்டம் உண்டு. பின்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு சிறு மூட்டுகள் உண்டு. இவற்றைப் பின்மூட்டுகள் என்போம். முழங்கால் மூட்டைப் போலவே இவற்றிலும் என்பு முனைகளை மூடிய வழுவழுப்பான கசியிழையமும், மூட்டைச் சூழ்ந்த உறையும், உள்ளே மூட்டுநீரும் இருக்கின்றன. உடற்பாரத்தின் பெரும்பகுதியைத் தட்டம் தாங்க, பின்மூட்டுகள் ஒரு பங்கைத் தாங்கி, முள்ளந்தண்டு அளவுக்கு மேல் முறுகாதபடி காக்கின்றன. வயது ஏறத் தட்டம் தன் நீரை இழந்து உயரங் குறைகின்றது. அப்போது பின்மூட்டுகளின் மேற் பாரம் கூடுகின்றது. கசியிழையம் மெலிகின்றது, என்பின் ஓரங்கள் தடித்து முனைப்புகள் தோன்றுகின்றன, உறை தடிக்கின்றது. நாலாம் ஐந்தாம் என்புகளுக்கு இடையிலும், ஐந்தாம் என்புக்கும் அதன் கீழுள்ள திருவென்புக்கும் இடையிலும் இம்மாற்றம் மிகுதி. மருத்துவர் இதனை ‘ஒஸ்டியோ ஆத்திரைட்டிஸ்’ என்றும், முள்ளந்தண்டில் நிகழ்வதாதலின் ‘ஸ்பொண்டிலோசிஸ்’ என்றும் வழங்குவர். நம்மவர் வாயில் இவையெல்லாம் ஒரே சொல்லாகி விட்டன: தேய்வு.

இச்சொல்லைப் பற்றியே எமது வழக்கு. தேய்தல் என்றால் நம் மனத்தில் எழுவன யாவை? துவிச்சக்கர வண்டியின் சில்லு தேய்கின்றது, செருப்புத் தேய்கின்றது, சந்தனக் கட்டை தேய்கின்றது. இவையெல்லாம் பாவிக்கப் பாவிக்கத் தேய்வன. பாவியாமல் வைத்தால் நெடுநாள் இருப்பன. ஆகவே நாரி தேய்ந்தது என்று கேட்டவன் என்ன செய்வான்? மிஞ்சியிருப்பதைக் காக்கும் பொருட்டு அசையாது கிடப்பான். நாம் செய்ததும் அதுவே. எம்மைக் குறை சொல்வார் யார்? சொல்லின் பொருளை உள்ளபடி விளங்கிக்கொண்டு நடந்தோம்.

உடம்பு சில்லன்று. மூட்டிலுள்ள கசியிழையத்துக்குக் குருதிக் குழாய் இல்லை. மூட்டுநீரிலிருந்தே அது உணவு பெறுகின்றது. மூட்டு அசையும்போதும் பாரம் ஏறி இறங்கும்போதும் அந்நீர் அதனுட் சென்று மீள்கின்றது. அசையாத மூட்டில் இவ்வோட்டம் குன்றுகின்றது. முள்ளந்தண்டைத் தாங்கும் தசைகளோ படுக்கையிற் கிடந்தால் நாளுக்கு நாள் மெலிவன. ஆகவே தேய்ந்தது என்று அசையாதிருப்பவன், தான் காக்க எண்ணிய பொருளுக்கே கேடு செய்கின்றான். மெலிந்த கசியிழையம் பழையபடி வளர்வதில்லை என்பது மெய்யே. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கசியிழையம் மீளாமலே நோவு தணியலாம், நடை மீளலாம், தொழில் மீளலாம்.

இனி, படத்தைப் பற்றிச் சொல்வோம். நாரி நோவு சிறிதும் இல்லாத மனிதர்க்கு இத்தகைய படம் எடுத்தால் என்ன தோன்றும்? 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நோவில்லாத 67 பேரைப் படமெடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்றிலொருவரிடம் குறிப்பிடத்தக்க கோளாறு தென்பட்டது. 2015 ஆம் ஆண்டில் இவ்வாறான 33 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, நோவில்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்கிட்டனர். நாற்பது வயதினருள் நூற்றுக்கு 68 பேரிடம் இடைத்தட்டம் தேய்ந்திருந்தது. 18 பேரிடம் பின்மூட்டுகள் தேய்ந்திருந்தன. அறுபது வயதினருட் பாதிப் பேரிடம் பின்மூட்டுத் தேய்வு. எண்பது வயதினருள் 83 பேரிடம் அது காணப்பட்டது. இவர்களெல்லாரும் நோவின்றித் தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. தலை நரைப்பது போல, நெற்றி சுருங்குவது போல, உள்ளே இதுவும் நிகழ்கின்றது. நரை கண்டவன் தலையிடிக்கு நரையே காரணம் என்று கொள்வதில்லை. நாரி நோவுற்றவனோ படத்திற் கண்ட தேய்வே நோவின் காரணம் என்று உடனே முடிவு கட்டுகின்றான். சில வேளைகளிற் படம் எடுத்தவரும் அங்ஙனமே முடிவு கட்டுகின்றார்.

அங்ஙனமாயின் பின்மூட்டு நோவை அறிவது எவ்வாறு? இது எளிதன்று, மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேலாக இதனோடு மல்லாடி வருகின்றது. பின்மூட்டுகள் நோவுக்குக் காரணமாகலாம் என்னும் கருத்து 1911 இலேயே எழுந்தது. 1933 இல் கோம்லி என்னும் அமெரிக்க வைத்தியர் அதற்கொரு பெயரும் இட்டார். அடுத்த ஆண்டே, 1934 இல், மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் இடைத்தட்டம் பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் காட்ட, எல்லாருடைய கண்ணும் தட்டத்தின்மேற் சென்றது. பின்மூட்டுகள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. இன்றும் ஒரு படமோ ஒரு சோதனையோ மட்டும் கொண்டு இந்நோவை உறுதியாகக் காட்ட இயலாது. நோயாளி சொல்வதையும் உடம்பு காட்டுவதையும் சேர்த்தே வைத்தியர் ஊகிக்கின்றார்.

அவ்வூகத்துக்கு உதவும் குறிகள் சில உண்டு. பின்மூட்டு நோவு நாரியின் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ ஆழத்தில் இருக்கும். பின்னே வளையும்போதும், நெடுநேரம் நிற்கும்போதும், இருந்தெழும்போதும் மிகும். குண்டியிலும் தொடையிலும் பரவலாம். முழங்காலுக்குக் கீழே இறங்குவது அரிது. நரம்பு அழுத்தப்பட்டால் வருவது வேறு. அது முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்னல்போல் ஓடும். விறைப்பும் பலவீனமும் கூட வரலாம். காலை நீட்டி உயர்த்திப் பார்ப்பதும், பெருவிரலை எதிர்த்து அழுத்துவதும், சுத்தியலாற் தட்டுவதும் இதனை வேறு பிரித்தறிதற் பொருட்டே.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. தட்டமும் மூட்டும் தடித்து, நரம்புகள் இறங்கும் கால்வாயை ஒடுக்கிவிடுவதால் அது வருவது. எமக்கு முன் இக்கல்லூரியிற் கற்பித்து இளைப்பாறிய பெரியார் ஒருவர் சந்தி வரை நடந்து போக மாட்டார். நூறு யார் நடப்பதற்குள் இரு கால்களும் கனத்து விறைத்து, மதிலில் சாய்ந்து குனிந்து நிற்பார். ஆனால் துவிச்சக்கர வண்டியில் ஏறினால் மூன்று கட்டை போய் வருவார். அயலார் இதனைக் கண்டு நகைத்தனர். நடக்கச் சோம்பல் என்று சொன்னோரும் உளர். குனியும்போது அக்கால்வாய் சற்று விரிகின்றது, நிமிர்ந்தால் ஒடுங்குகின்றது. வண்டியில் குனிந்து மிதிப்பவருக்கு ஆறுதலும், நிமிர்ந்து நடப்பவருக்கு வேதனையும் அதனாலேயே. இதனை அறியாது ஒரு நல்லாசிரியரைச் சோம்பேறி என்று ஊர் சொல்லிற்று. இத்தகையோருக்கு வேறு வழிகளால் நலம் வாராவிடின், கால்வாயை அகற்றும் சத்திர சிகிச்சை பயன் தருவது உண்டு.

பாராமுகமாய் இருக்கலாகாத குறிகளையும் இங்குச் சொல்லாது விடின் நாம் தவறிழைத்தவராவோம். தொடைகளின் உட்புறமும் மலசல வாயிலைச் சூழ்ந்த இடமும் விறைத்தல், சிறுநீர் தடைப்படுதல் அல்லது அறியாமற் போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் அன்றே, அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கும் அந்நிலையில் தாமதம் நிரந்தரமான ஊனத்தைத் தரும். காய்ச்சலோடு கூடிய நோவு, காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டமை, விழுந்தபின் வந்த நோவு, முதியோருக்குத் திடீரென வந்த கடும் நோவு ஆகியவற்றையும் உடனே காட்ட வேண்டும். முள்ளந்தண்டிற் கசநோய் இறங்குவதும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட இளைஞர்க்கு மாதக் கணக்காக நோவு நீடித்து, விடியற்புறத்தில் எழுப்பி, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, நடமாட நடமாடக் குறையுமாயின் அது தேய்வன்று. அழற்சியால் வரும் வேறொரு வாதம். அதற்குத் தனி மருந்து உண்டு. இவ்விடங்களிற் படமும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். படம் எடுக்கவே கூடாது என்பது எமது கட்சியன்று. கேள்வி ஒன்று இருந்து அதற்கு விடை தேடிப் படம் எடுத்தல் வேண்டும்; கேள்வியே இல்லாமற் படம் எடுத்தல் வீண்.

இத்தீக்குறிகள் இல்லை என்று கண்டபின் செய்யத்தக்கது யாது? முதலாவது, படுக்கையை விட்டு எழுதல். 1986 இல் அமெரிக்காவில் 203 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றப் பிரிவினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள், மற்றவர்களைவிட நூற்றுக்கு 45 வீதம் குறைந்த நாட்களே வேலைக்குப் போகாதிருந்தார்கள். நெடுநாட் படுக்கையால் வேறு எந்த நன்மையும் காணப்படவில்லை. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 186 பேரிடம் செய்த ஆய்வோ இன்னும் ஒரு படி சென்றது. நோவு தாங்குமளவுக்குத் தம் வழக்கமான அலுவலைச் செய்துகொண்டிருந்தவர்களே, படுத்தவர்களினும் விரைவிற் குணமடைந்தனர். எமக்கு இவை தெரிந்திருந்தால் ஆறு வாரமும் வீண் போயிராது. அந்த மாணவனும் திரும்பிப் போயிரான்.

இரண்டாவது நடை. கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள் நாம் படலையிலிருந்து ஒழுங்கை முடக்கு வரை நடந்தோம். ஐந்து நிமிடம். அடுத்த வாரம் பத்து நிமிடம். இயன்மருத்துவர் கற்பித்த சில பயிற்சிகளையும் காலையிற் செய்தோம். முதலிரு வாரமும் நோவு சிறிது கூடிற்று; அது கேடன்று எனச் சொல்லப்பட்டிருந்ததால் நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் அரைமணி நேரம் நடந்தோம். 2024 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஆய்வொன்று எமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. நாரி நோவிலிருந்து மீண்ட 701 பேரிற் படிப்படியாக நடை பழகி, நோவைப் பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு அது மீண்டும் வருவதற்கு நடுக்கணக்கில் 208 நாள் சென்றது. மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத மருந்து ஒன்று இவ்வளவு செய்யுமாயின், அதனை விட்டு வேறெங்கே தேடுவது?

மருந்துகளைப் பற்றிச் சில சொல்வோம். பரசிற்றமோல், புதிதாக வந்த நாரி நோவில் வெறுங் குளிசையை விட மேலாக எதுவும் செய்யவில்லை என 2014 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிற்று. அழற்சி தணிக்கும் குளிசைகள் சிலருக்கு உதவும். ஆயின் அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்க வல்லன. கடையிற் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது ஆபத்து. 2023 இல் உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டி, விளக்கம் அளித்தலையும் உடற்பயிற்சியையும் மனப்பயிற்சியையும் ஆதரித்து, நாரிப் பட்டியையும், இழுவைச் சிகிச்சையையும், அபின் இன மருந்துகளையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நாம் இறுகக் கட்டிய பட்டி இப்போது விறாந்தையில் ஆணியிலே தொங்குகின்றது.

ஊசி மருந்து பற்றிக் கேட்போர் பலர். ஒவ்வொரு பின்மூட்டுக்கும் இரு சிறு நரம்புக் கிளைகள் உணர்ச்சியைத் தருகின்றன. அவற்றை விறைக்கச் செய்து நோவு நீங்குகின்றதா எனப் பார்ப்பது மூட்டைக் கண்டறியும் ஒரு முறை. நீங்கினால், வானொலி அலை வெப்பத்தால் அக்கிளைகளைச் சுடுவதும் உண்டு. நரம்பு மீள வளர்வதால் அதன் பயன் சில மாதங்கள் அல்லது ஓராண்டு அளவினதே. 2017 இல் ஒல்லாந்தில் 681 பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சியோடு இதனையும் சேர்த்தவர்கள் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சொல்லத்தக்க நன்மை எதனையும் பெறவில்லை. தக்கவரைத் தெரிந்து செய்தாற் பலன் உண்டு என்று வாதிப்போரும் உளர். எவ்வாறாயினும் அது பயிற்சிக்குப் பின் நிற்பதேயன்றி முன் நிற்பதன்று.

பரியாரியாரின் எண்ணெயும் நொச்சியிலை ஒத்தடமும் என்னாவது என்று முதியோர் கேட்பர். சூடு தசையைத் தளர்த்தி ஆறுதல் தரும். தடவும் கையும் ஆறுதல் தரும். அவ்வாறுதலைப் பெற்றுக்கொண்டு எழுந்து நடப்பவனுக்கு அதனால் நன்மையே. மேலே கூறிய தீக்குறிகள் இருக்க, எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிற் கிடப்பவனுக்கே கேடு.

“அப்படியாயின் எமது நோவு பொய்யா? எல்லாம் மனப்பிரமையா?” என்று எம்மோடு கற்பிக்கும் அன்பர் ஒருவர் சற்றுக் கோபத்துடன் கேட்டார். நோவு மெய். எமக்கு இன்றும் மழைக்காலக் காலைகளில் அது வருகின்றது. விடைத்தாள் திருத்தும் நாட்களில் வருகின்றது. ஆனால் அது வரும்போது ஏதோ உள்ளே உடைகின்றது என்று இப்போது அஞ்சுவதில்லை. அச்சம் தசையை இறுக்குகின்றது. இறுகிய தசை நோவைக் கூட்டுகின்றது. கூடிய நோவு அச்சத்தை வளர்க்கின்றது. இச்சக்கரத்தை உருட்டிவிட்டது ஒரு சொல். 2022 இல் வெளியான ஆய்வொன்றில் ஒரே நோவுக்குப் பல பெயர்களைச் சொல்லி மக்களின் கருத்தைக் கேட்டனர். ‘தேய்வு’, ‘மூட்டுவாதம்’, ‘தட்டப் பிதுக்கம்’ என்ற பெயர்களைக் கேட்டவர்கள், ‘நாரிச் சுளுக்கு’ என்று கேட்டவர்களைவிடப் படமும் சத்திர சிகிச்சையும் தமக்கு வேண்டும் என மிகுதியாக எண்ணினர். சொல்லின் வலிமையைத் தமிழாசிரியருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதன் கணக்கை நாம் அன்றுதான் கண்டோம்.

இன்னொன்றும் உண்டு. கடும் உழைப்பே தேய்வுக்குக் காரணம் என்று நாம் நினைத்திருந்தோம். பின்லாந்தில் இரட்டையர்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் வேறு விதமாகக் கூறின. ஒருவர் வாழ்நாளெல்லாம் பாரந் தூக்க, மற்றவர் கதிரையில் இருந்து தொழில் செய்தவராயினும், அவர்களுடைய தட்டங்கள் பெரிதும் ஒத்திருந்தன. தொழிலை விடப் பிறப்போடு வந்ததே பெரும்பங்கு. ஆகவே உழைத்து உழைத்து நாரியைக் கெடுத்துக்கொண்டோம் என்று தோட்டக்காரத் தந்தை தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அவரை நாம் இடித்துரைக்கவும் வேண்டியதில்லை.

யூபிலி ஆண்டில் எமது வேண்டுகோள்கள் மூன்று. வைத்தியராய் விளங்கும் பழைய மாணவரை முதலில் வேண்டுகின்றோம். உங்களிடம் படத்தோடு வருபவன் ஆங்கில அறிக்கையைப் படிக்கமாட்டான். நீங்கள் தமிழிற் சொல்லும் ஒரு வாக்கியத்தையே வீட்டுக்குக் கொண்டு போவான். ‘தேய்ந்து போயிற்று’ என்னாது, ‘வயதுக்கேற்ற மாற்றம் இருக்கின்றது, ஆபத்தான குறி எதுவும் இல்லை, நடவுங்கள்’ என்று சொல்லுங்கள். இதற்குக் கூடுதலாக ஒரு நிமிடமே செல்லும்.

இரண்டாவது வேண்டுகோள் எம்முடன் தொழில் செய்யும் ஆசிரியர்க்கு. உடற்பயிற்சிப் பாடவேளையைப் பரீட்சைப் பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நாமும் அவ்வாறு செய்தவர்களே. பகல் முழுவதும் வாங்கிலும் மாலை முழுவதும் ரியூசன் கொட்டிலிலும் இருக்கும் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடத்தையாவது திருப்பிக் கொடுப்போம். நாமும் அவர்களோடு மைதானத்துக்கு இறங்குவோம்.

மூன்றாவது வேண்டுகோள் வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் வாழும் பழைய மாணவர் எல்லார்க்கும். கல்லூரிக்குக் கட்டிடங்கள் தந்தீர்கள், அவற்றுக்கு நன்றி. இம்முறை மைதானத்தைச் சுற்றி ஒரு நடைபாதை அமைத்து, அதன் இருமருங்கும் வேம்பு நட்டுத் தாருங்கள். காலையிலும் மாலையிலும் படலை திறந்திருக்கட்டும். இளைப்பாறிய ஆசிரியரும் அயலிலுள்ள முதியோரும் அங்கு நடக்கட்டும். வழியில் குனிந்து இளைப்பாற வேண்டியவர்க்காக ஆங்காங்கே ஒரு வாங்கும் இருக்கட்டும். சந்தி வரை நடக்க மாட்டாத அப்பெரியாருக்கு அது பெரிதும் உதவும்.

படலையடியில் நின்று திரும்பிப் போன மாணவன் இன்று தானும் ஓர் ஆசிரியன். சென்ற ஆண்டு அவனைக் கண்டபோது, “சேர், எனக்கும் நாரி பிடிச்சிருக்கு. படம் எடுக்கட்டோ?” என்று கேட்டான். காய்ச்சல் உண்டா, சிறுநீர் சரியாகப் போகின்றதா, கால் விறைக்கின்றதா என்று கேட்டோம். ஒன்றும் இல்லை என்றான். “நாளைக்கு டொக்டரிட்டை ஒருக்காக் காட்டு. இப்ப வா, நடந்துகொண்டு கதைப்பம்” என்று சொல்லி, ஒழுங்கை முடக்கு வரை அவனோடு நடந்தோம்.